பல் மருத்துவரிடம் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் மருத்துவர். பல்லைப் பார்த்து முடித்ததும் "இன்னும் இரண்டு நிமிடம், நாக்கை நீட்டுங்கள்" என்பேன். நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் முகம் உடனே மாறிவிடும். வாய்க்குள் என் விரல் இருக்கும்வரை அவரால் எதுவும் கேட்க முடியாது. எழுந்து வாய் கொப்பளித்த பிறகு ஒரு கேள்வி வரும், செருப்பை மாட்டும்போது இன்னொன்று வரும். கதவைப் பாதி திறந்துவிட்டுத் திரும்பி நின்று கேட்பவர்களும் உண்டு. மனத்தை அரிக்கும் கேள்வி பெரும்பாலும் அந்தக் கதவருகில்தான் வெளிவருகிறது.

ஆண்டுக்கணக்காக ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே பதில்களைச் சொல்லி வருவதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் வாயைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று அல்ல.

1. பல்லைக் காட்டத்தானே வந்தேன், எதற்கு நாக்கையும் கழுத்தையும் தடவிப் பார்க்கிறீர்கள்?

நல்ல வெளிச்சம், சாய்ந்த நாற்காலி, சின்னக் கண்ணாடி, திறந்த வாய் ஆகிய நான்கும் ஒன்றுசேரும் இடம் பல் மருத்துவமனை மட்டுமே. காய்ச்சலுக்குப் போகும் இடத்தில் நாக்கை நீட்டச் சொல்வார்கள். நாக்கின் பக்கவாட்டையும் அடிப்புறத்தையும் யாரும் பார்ப்பதில்லை. வாய்ப்புற்றுநோய் அதிகம் தோன்றும் இடங்களில் அவை இரண்டும் உண்டு.

வாய்ப்புற்றுநோய்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவை வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய தோலில் தொடங்குபவை. கணையத்தில் வருவதுபோல உள்ளே ஒளிந்திருப்பவை அல்ல, கண்ணில் படுபவை. அப்படியிருந்தும் மிகப் பலருக்கு முற்றிய நிலையில்தான் தெரியவருகிறது. 2022-இல் உலகம் முழுவதும் உதடு, வாய்ப் பகுதிப் புற்றுநோய் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. அதே ஆண்டில் இறந்தவர்கள் 1 லட்சத்து 88 ஆயிரம் பேர்.

எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்கப் பதிவேடுகளின் கணக்கைப் பாருங்கள். அங்கே வாயையும் தொண்டையையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். தோன்றிய இடத்திலேயே இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு தெரியவந்தால் அந்த எண்ணிக்கை 40-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது.

2. அப்படி என்னதான் செய்வீர்கள்? வலிக்குமா?

வலிக்காது. ஊசியோ கத்தியோ இதில் இல்லை. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதலில் வெளியே பார்ப்போம். முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா, கழுத்திலும் தாடைக்கு அடியிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று விரல் நுனியால் தடவுவோம். சளி பிடித்தபோது கட்டும் நெறி தொட்டால் வலிக்கும், விரலுக்கு அடியில் வழுக்கி நகரும். கல்லைப்போல உறுதியாக, வலியில்லாமல், நகராமல் இருப்பதுதான் எங்களை நிறுத்தி யோசிக்க வைக்கும். அடுத்து உதடுகளைப் புரட்டிப் பார்ப்போம், கன்னத்தை விலக்கி உட்புறத்தைக் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால்வரை பார்ப்போம், ஈறுகளைச் சுற்றி வருவோம்.

பலருக்குக் கூச்சம் தருவது அதற்கு அடுத்த கட்டம். நாக்கின் நுனியைச் சல்லடைத் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து, பின்புற ஓரம்வரை பார்ப்போம். பிறகு மறுபக்கம். துணி இல்லாமல் பிடித்தால் நாக்கு மீனைப்போல நழுவிவிடும். பிறகு நாக்கை மேலே தூக்கச் சொல்லி, ஒரு விரலை நாக்கடியில் வைத்து, மறு கையால் மோவாய்க்கு அடியிலிருந்து அழுத்துவோம். இரண்டு விரல்களுக்கும் இடையில் கட்டி ஏதும் சிக்குகிறதா என்று பார்ப்பதற்கு அது. கடைசியில் மேலண்ணம், "ஆ" சொல்லச் சொல்லித் தொண்டை வாயில். குமட்டல் வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் விரலைச் சற்று வேகமாக எடுத்துவிடுவோம். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் கட்டாயம் கழற்ற வேண்டும். கழற்றச் சொல்லாமல் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அதன் அடியில் இருப்பதை அவர் பார்க்கவில்லை.

3. கண்ணால் பார்த்தே புற்றுநோய் என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும். இந்தப் பரிசோதனை நோயை உறுதிப்படுத்துவதற்கானது அல்ல. "இந்த இடத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமா, வேண்டாமா" என்ற ஒரே கேள்விக்குத்தான் அது விடை சொல்கிறது. புற்றுநோயா இல்லையா என்பதை, அந்த இடத்துத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

4. எனக்கு வலியே இல்லையே, பிறகு எதற்குப் பயப்பட வேண்டும்?

பயப்பட வேண்டியதில்லை. வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தொடக்க நிலை வாய்ப்புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. தண்ணீர் பட்டாலே துள்ள வைக்கும் அந்தச் சிறிய வட்டமான மஞ்சள் புண், ஓரம் சிவந்து, இரண்டு மூன்று நாள் உயிரை எடுப்பது, பெரும்பாலும் சாதாரண வாய்ப்புண்தான். தானே வந்து தானே போகும். அதற்கு மட்டும் ஓடோடி வருகிறார்கள். நாக்கோரத்தில் மூன்று மாதமாகச் சத்தமில்லாமல் இருக்கும் தடிப்பை "அதுபாட்டுக்கு இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள்.

5. எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன இரண்டு வாரக் கணக்கு?

வாயின் உட்தோல் உடம்பின் வெளித்தோலைவிட வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கன்னத்தைக் கடித்துக்கொண்டது, சூடான காப்பி சுட்டது, உடைந்த பல்லின் முனை கிழித்தது எதுவானாலும், காரணத்தை நீக்கிவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். அதனால்தான் சந்தேகமான புண்ணைப் பார்த்தால், கூரான பல்லைத் தேய்த்துவிட்டு, அழுத்தும் பல்செட்டைச் சரிசெய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறோம். அப்போதும் இருந்தால் திசு எடுக்க வேண்டும். பிரிட்டனின் வழிகாட்டுதலில் காரணம் தெரியாத வாய்ப்புண்ணுக்கு மூன்று வாரம் என்று இருக்கிறது. இரண்டா மூன்றா என்று வாதாட வேண்டாம். மூன்று மாதம் இல்லை என்பதே விஷயம்.

இதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, என்னிடம் வந்த நாளிலிருந்து நாட்களை எண்ணுவது. புண்ணை நீங்கள் முதலில் கவனித்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். இன்னொன்று, மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி எரிச்சலை அடக்கிவிட்டு "குறைந்துவிட்டது" என்று நினைப்பது. எரிச்சல் குறைவது வேறு, புண் மூடுவது வேறு. பார்வைக்கே ஐயத்துக்கு இடமில்லாமல் மோசமாக இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க மாட்டோம், அன்றே அனுப்பிவிடுவோம்.

6. எதெல்லாம் இருந்தால் உடனே காட்ட வேண்டும்?

ஆறாத புண். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு. வெல்வெட் துணியைப்போலச் சிவந்த திட்டு. வெள்ளையும் சிவப்பும் கலந்து கிடப்பது. தடவினால் அடியில் கெட்டியாகத் தட்டுப்படுவது. ஈறு நன்றாக இருந்தும் ஒரே ஒரு பல் ஆடுவது. பல் பிடுங்கிய குழி பல வாரமாக மூடாமல் இருப்பது. காரணமில்லாமல் கீழுதடு மரத்துப்போவது. நேற்றுவரை பொருந்திய பல்செட் இன்று பொருந்தாமல் போவது. வாய் முன்புபோல அகலத் திறக்காதது. ஒரு பக்கம் மட்டும் நீடிக்கும் தொண்டை வலி அல்லது காது வலி.

இவற்றில் மக்கள் வெள்ளைத் திட்டுக்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். நாங்கள் அஞ்சுவது சிவப்புக்கு. வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை ஒருபோதும் புற்றுநோயாக மாறுவதில்லை. வேறு காரணம் சொல்ல முடியாத செம்படலத்தின் கதை வேறு. 1975-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், அப்படிப்பட்ட செம்படலங்களிலிருந்து எடுத்த திசுக்களில் 51 சதவீதம் ஏற்கெனவே ஊடுருவிய புற்றுநோயாக இருந்தன. இன்னும் 40 சதவீதம் அதற்கு முந்தைய கடுமையான நிலையில் இருந்தன. செம்படலம் அரிதாகவே காணப்படும். கண்டால் தள்ளிப்போடக் கூடாது.

7. நாக்கின் பின்பக்கம் பெரிய பெரிய உருண்டைகள் இருக்கின்றன! இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பற்பசை விளம்பரம் பார்த்துவிட்டு நாக்கை முழுதாக வெளியே இழுத்துக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். அந்த உருண்டைகள் எல்லாருக்கும் உண்டு. தலைகீழான 'வி' வடிவில், எட்டு முதல் பன்னிரண்டுவரை, வரிசையாக நிற்கும் சுவை மொட்டுகளின் மேடுகள் அவை. நீங்கள் பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கின்றன.

இப்படி வீணாகப் பயமுறுத்துபவை இன்னும் உண்டு. கன்னத்தின் உட்புறத்தில் மணல் தூவியதுபோல இருக்கும் மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். பற்கள் கூடும் உயரத்தில் கன்னத்தில் ஓடும் வெள்ளைக் கோடு, பல் உராய்வதால் வருவது. மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தில் இருக்கும் சிறு மொட்டு உமிழ்நீர்க் குழாயின் வாய். மேலண்ணத்தின் நடுவில் கல்லாகத் தட்டுப்படும் மேடு சிலருக்கு இயல்பாக வளரும் எலும்பு. வயதானவர்களின் நாக்கடியில் நீலமாகப் புடைத்திருப்பவை இரத்த நாளங்கள். நாக்கின் மேல் தேசப்படம் வரைந்ததுபோல இடம் மாறிக்கொண்டே இருக்கும் சிவப்புத் திட்டுகளும் பெரும்பாலும் தீங்கற்றவை.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கமும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தால் அது பெரும்பாலும் உடலின் அமைப்பு. ஒரு பக்கம் மட்டும் இருப்பதைக் காட்டுங்கள். நாக்கின் பின்னோர மடிப்புகளில் மட்டும் இந்தச் சோதனையை நம்பி இருந்துவிட வேண்டாம். அது சிக்கலான இடம், நாங்களே அங்கே இரண்டு முறை பார்க்கிறோம்.

8. நான் புகைப்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை. எனக்கும் இது தேவையா?

தேவை, ஆனால் உங்களுக்கு வாய்ப்பு மிகவும் குறைவு என்ற நிம்மதியோடு வாருங்கள். புகையிலை எந்த வடிவில் இருந்தாலும், அதோடு மதுவும் பாக்கும் சேர்ந்தால், அவைதான் பெருங்காரணங்கள். புகையும் மதுவும் ஒன்றுசேரும்போது ஆபத்து கூட்டல் கணக்காக ஏறுவதில்லை, பெருக்கல் கணக்காக ஏறுகிறது. 1988-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், இரண்டையும் மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து 35 மடங்குக்கு மேல் இருந்தது.

இருந்தாலும் எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் நாக்கோரத்தில் வருவதைப் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் உள்ள சங்கடமே, அவர்களும் சந்தேகப்படுவதில்லை, பார்க்கும் மருத்துவரும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான். வெயிலில் காலமெல்லாம் வேலை செய்பவர்களின் கீழுதடு, உறுப்பு மாற்றுக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களின் வாய் ஆகியவற்றையும் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறோம்.

9. புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான். அதனால் ஒன்றும் இல்லையே?

இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத பாக்குக் கலவையையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் முதல் வகையில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே வகை அது.

பாக்கு இன்னொன்றும் செய்கிறது. கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசு சேர்ந்து சேர்ந்து, கன்னம் தன் நெகிழ்வை இழந்து பலகைபோல இறுகிவிடும். தொடக்கத்தில் காரம் பட்டால் தாங்காது. பிறகு வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களை, ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக மூன்றும் நுழையும். முன்பு நுழைந்தது இப்போது இரண்டோடு நிற்கிறது என்றால் பரிசோதனைக்கு வாருங்கள். இறுகியது பழையபடி முழுதாக இளகுவதில்லை. பழக்கத்தை விட்டால் மேலும் இறுகுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. இந்த நிலையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றுநோய் வருகிறது என்பதால் வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு தேவை.

10. எல்லாவற்றையும் விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இனி வராது அல்லவா?

விட்டது நல்லது. புகைப்பதை நிறுத்தி 5 முதல் 10 ஆண்டுகளில் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பாதி என்பது பூஜ்யம் அல்ல. பழைய பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லும்போது "இல்லை" என்று மட்டும் சொல்லாமல், "இருந்தது, இத்தனை வருடம், இப்போது இல்லை" என்று சொல்லுங்கள். நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. எங்கே அதிக நேரம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறோம். புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்கி வைத்தீர்கள் என்பதுகூட எங்களுக்கு உதவும்.

11. எனக்குப் பல்லே இல்லை. பல் மருத்துவரிடம் எதற்கு?

எழுபது வயதைத் தாண்டியவர்கள் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வி இது. பல் போனதும் பல் மருத்துவமனைக்கு வருவதும் நின்றுபோகிறது. வயது ஏற ஏற இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. ஆக, மிகவும் பார்க்கப்பட வேண்டிய வாய்கள்தான் பார்க்கப்படாமலே போகின்றன. பல் இல்லாவிட்டாலும் நாக்கு இருக்கிறது, கன்னம் இருக்கிறது. வாருங்கள்.

12. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே இடைவெளி இல்லை. பற்களுக்காக வழக்கமாக வரும்போதெல்லாம் இதையும் செய்துவிடுவது எளிது. எந்தப் பழக்கமும் இல்லாதவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்பது நியாயமான ஏற்பாடு. 8, 9-ஆம் கேள்விகளில் சொன்ன காரணங்கள் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும் என்பது என் கருத்து. ஏற்கெனவே திட்டு ஒன்று கண்காணிப்பில் இருந்தால் இடைவெளியை உங்கள் மருத்துவர் தீர்மானிப்பார், அது மூன்று மாதமாகவும் இருக்கலாம்.

13. நீல வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார்களாம், எச்சிலிலேயே கண்டுபிடிக்கிறார்களாம். அது இல்லாத இடத்தில் பார்ப்பது வீண்தானே?

இல்லை. நீல ஒளியில் சாதாரணத் திசு பச்சையாக ஒளிரும், மாறுபட்ட திசு இருட்டாகத் தெரியும் என்பது அதன் அடிப்படை. நீலச் சாயம் தடவிப் பார்க்கும் முறையும் உண்டு, அது வேகமாகப் பெருகும் செல்களில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே குறை. சாதாரண அழற்சியும் இருட்டாகத் தெரியும், கன்னத்தைக் கடித்த புண்ணிலும் சாயம் ஒட்டும். நேற்றுக் கடித்த இடத்தைப் பார்த்து இன்று குடும்பமே அழும்.

அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. பெரியவர்கள் எல்லாருக்கும் கண்ணாலும் விரலாலும் பரிசோதனை செய்ய வேண்டும். சந்தேகமான இடத்தில் திசு எடுக்க வேண்டும். ஒளி, சாயம், எச்சில் சோதனைகளை வைத்துத் திசு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதை அது பரிந்துரைக்கவில்லை. தனிக் கட்டணம் கேட்டு ஒளிச் சோதனை செய்யச் சொன்னால், "இதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் திசு எடுப்பதை விட்டுவிடுவீர்களா?" என்று கேளுங்கள். "ஆம்" என்றால் வேறு ஒருவரிடமும் காட்டுவது நல்லது.

14. எச்.பி.வி. கிருமியால் வரும் தொண்டைப் புற்றுநோயும் இதில் தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரியாது. மனிதப் பாப்பிலோமா வைரஸ், முக்கியமாக அதன் 16-ஆம் வகை, டான்சிலிலும் அடிநாக்கிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது. அந்த இடங்களில் நோய் மடிப்புகளுக்குள் தொடங்கும், எங்கள் கண்ணாடிக்கு எட்டாது. பலருக்கு முதல் அறிகுறியே கழுத்தில் வலியில்லாமல் எழும் ஒரு கட்டிதான். அதனால்தான் கழுத்தைத் தடவாமல் பரிசோதனையை முடிப்பதில்லை. சந்தேகம் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புவோம், அவர் குழாய்க் கருவி விட்டுப் பார்ப்பார். இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. வளரிளம் வயதிலேயே போடுவது சிறந்தது.

15. "பெரிய மருத்துவரிடம் எழுதித் தருகிறேன்" என்கிறார். மறைக்கிறார், புற்றுநோய்தானே?

3-ஆம் கேள்விக்குச் சொன்னதுதான். அவருக்கே தெரியாது. அனுப்பப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை என்றுதான் முடிவு வருகிறது. ஆறாத புண்ணைப் பார்த்த பிறகும் அனுப்பாமல் களிம்பு எழுதித் தருபவரைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

மறைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டு ஓயாமல் சுருட்டுப் பிடித்தவர். 1923-இல் மேலண்ணத்தில் தோன்றியதைத் தம் மருத்துவரிடம் காட்டினார். புற்றுநோய் என்று தெரிந்தும் அந்த மருத்துவர் வெண்படலம் என்று மட்டும் சொன்னார். பிராய்டு பின்னர் 30-க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளாகி 1939-இல் இறந்தார். மறைக்கப்பட்டதை அவர் எளிதில் மன்னிக்கவில்லை. உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "உங்கள் மனத்தில் என்ன சந்தேகம்? எத்தனை நாளுக்குள் போக வேண்டும்?" இரண்டாவது கேள்விக்கான பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

16. சதை எடுத்துப் பார்த்தால், கத்தி பட்டால், நோய் பரவிவிடும் என்கிறார்களே?

என்னிடம் கேட்கப்படும் எல்லாக் கேள்விகளிலும் அதிகத் தீங்கு செய்வது இதுதான். வாயில் முறையாகத் திசு எடுப்பதால் புற்றுநோய் பரவி உயிருக்குக் கேடு வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று யூகிக்க முடிகிறது. முற்றிய நிலையில் வந்தவர்களுக்குத் திசு எடுத்தார்கள், சில மாதத்தில் நோய் தன் போக்கில் வளர்ந்தது, பார்த்தவர்கள் கத்தியின் மேல் பழியைப் போட்டார்கள்.

நடப்பது இவ்வளவுதான். மரத்துப்போகும் ஊசி போடுவார்கள், பல் பிடுங்கும்போது போடும் அதே ஊசி. திட்டின் மோசமான பகுதியிலிருந்து அரிசியளவோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ ஒரு துண்டை வெட்டி, சிறு புட்டியில் உள்ள பார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போடுவார்கள். துண்டு அதற்குள் மெல்ல இறங்கி அடியில் உட்காரும். புட்டியில் உங்கள் பெயரும் எடுத்த இடமும் எழுதியிருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள், தவறில்லை. ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். சில நாள் காரமும் சூடும் தவிர்த்தால் போதும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்ல வேண்டும், நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

17. அறிக்கையில் "டிஸ்பிளேசியா" என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் புற்றுநோயா?

இல்லை. செல்கள் ஒழுங்கு தவறியிருக்கின்றன, ஆனால் தங்கள் அடுக்கைத் தாண்டி ஆழத்துக்குள் இறங்கவில்லை என்று பொருள். லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று தரம் பிரிப்பார்கள். லேசானதை, காரணமான பழக்கத்தை நிறுத்திவிட்டுக் கண்காணிப்பது உண்டு. கடுமையானதைப் பொதுவாக அகற்றிவிடுவார்கள். அகற்றினால் ஆபத்து குறையும், முழுதாகப் போகாது. அதே இடத்திலோ பக்கத்திலோ மறுபடி வரலாம் என்பதால் அதன் பிறகும் பரிசோதனை தொடரும். மாத்திரை சாப்பிட்டுச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், புற்றுநோயாக மாறுவதைத் தடுக்கும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை இதற்கு இல்லை.

18. போன வருடம் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். இந்த வருடம் எப்படி வந்தது? கவனிக்காமல் விட்டுவிட்டார்களா?

இரண்டில் எதுவும் நடந்திருக்கலாம். எல்லாப் புற்றுநோயும் வெள்ளைத் திட்டாக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மாறுவதில்லை. நேற்றுவரை சாதாரணமாகத் தெரிந்த தோலிலும் தோன்றும், சில மாதத்தில் வளரவும் செய்யும். அவசரத்தில் நாக்கை இழுத்துப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது, எங்கள் தொழிலைச் சேர்ந்தவன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். "ஒன்றும் இல்லை" என்ற சொல் அன்றைய தேதிக்கு மட்டும்தான். அடுத்த பரிசோதனைக்கு ஆறு மாதம் இருந்தாலும், இடையில் 6-ஆம் கேள்வியில் சொன்னது ஏதாவது தோன்றினால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

19. இப்படிப் பார்ப்பதால் உண்மையில் உயிர் பிழைக்கிறார்களா? ஆதாரம் இருக்கிறதா?

கேட்க வேண்டிய கேள்வி, கேட்பவர்கள் குறைவு. இதற்கான மிகப் பெரிய சோதனை கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கியது. 13 பகுதிகளை இரு பிரிவாகப் பிரித்து, 35 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005-இல் முடிவுகள் வெளிவந்தபோது, புகையிலையோ மதுவோ பயன்படுத்துபவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த வேறுபாடு, புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஆகவே ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அவ்வளவு வலுவான ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2013-இல், அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொது மருத்துவர்கள் இதைச் செய்வது பற்றி, ஆதாரம் போதாது என்றே சொன்னது. பல் மருத்துவர்கள் செய்வதை அது ஆராயவில்லை. பல்லுக்காக ஏற்கெனவே வாயைத் திறந்திருப்பவரிடம் கூடுதலாக நான்கு நிமிடம் செலவழிப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

20. நானே வீட்டில் பார்த்துக்கொள்ளலாமா?

பார்க்கலாம், மாதம் ஒருமுறை போதும். நல்ல வெளிச்சம், கண்ணாடி, கழுவிய கை. 2-ஆம் கேள்வியில் சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள், நாக்கை நீங்களே துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். எதையாவது கண்டால் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள், பக்கத்தில் ஒரு பென்சில் நுனியாவது தெரியட்டும், அளவு புரியும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம். இரண்டையும் கொண்டுவந்தால் "முன்பு இதைவிடச் சிறிதாக இருந்ததா?" என்று நான் கேட்க வேண்டியதில்லை. தினமும் பார்க்க வேண்டாம். விரலால் நோண்டி நோண்டியே புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

21. அப்பாவுக்கு நாக்கோரத்தில் ஏதோ இருக்கிறது. கூப்பிட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். எப்படி அழைத்து வருவது?

புற்றுநோய் என்ற சொல்லை வைத்து அழைக்காதீர்கள். "அந்தப் பல் நாக்கைக் குத்துகிறது, தேய்த்துக்கொண்டு வந்துவிடலாம்" என்று அழையுங்கள். அது பொய்யும் அல்ல, பெரும்பாலும் அதைத்தான் முதலில் செய்வோம். கூடவே வாருங்கள், திரும்ப வர வேண்டிய தேதியை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை வருபவர்களில் பலர் இரண்டாம் முறை வருவதில்லை. கூர்மையான பல்லைத் தேய்த்ததும் உறுத்தல் போய்விடுகிறது, புண் இருப்பதும் மறந்துவிடுகிறது.

22. சொன்னபடி இரண்டு வாரம் கழித்து வந்தேன். புண் ஆறிவிட்டது. வீணாக அலைந்தேனா?

இல்லை. ஆறிவிட்டது என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னாலும் நான் வரத்தான் சொல்லியிருப்பேன். நாக்கை அதே பக்கம் இழுத்து, அதே இடத்தில் விரலை வைத்து அழுத்தி, அடியில் கெட்டியாக ஏதும் இல்லை என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகு உங்கள் குறிப்பேட்டில், முதல் தடவை வரைந்து வைத்த நாக்குப் படத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியோடு "ஆறிவிட்டது" என்று எழுதுவேன். பெரும்பாலான பக்கங்களில் அந்தச் சொல்தான் இருக்கிறது.